நாற்காலியில் இருக்கும் ஆட்டக்காரர்

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. திரையில் ஆட்டக்காரர் மேஜைமேல் குனிந்து, கோலை வெள்ளைப் பந்துக்கு நேராக நீட்டிவிட்டால், பந்துகள் உருண்டு நிற்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தும்மல் வந்தால் அடுப்படிக்குப் போய்விட வேண்டும். மறந்துபோய் யாராவது பேச்செடுத்தால், வீட்டுக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வலது கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி உள்ளங்கையைக் காட்டுவார். போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவதுபோல. அதற்குக் கோபம் என்று அர்த்தமில்லை. ‘கொஞ்சம் பொறு’ என்பது மட்டும்தான். அவரைப் பொறுத்தவரை அப்படித்தான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டை மாடி அறையிலோ, லிஃப்டுக்கு அடியிலிருக்கும் இருட்டுக் குழியிலோ கிரீஸ் கையோடு கிடப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு, சோஃபாவின் இடது மூலையில் உட்கார்ந்துவிடுவார். வலது மூலையில் அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. அவனுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை அறுத்து ஃபிரேமுக்குள் பொருத்துகிறவன். அவன் தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டான், மூக்கைத்தான் பார்ப்பான் என்று அக்கா கேலி செய்வாள்.

இருவரும் பார்த்தது நைன்-பால் பூல் ஆட்டங்கள். அதிலும் புதியவை அல்ல, பழையவை. படம் கொஞ்சம் மங்கல். பச்சைத் துணியின் நிறம் ஓரங்களில் கசிந்திருக்கும். ஆட்டக்காரர்கள் கழுத்தில் டையும் இடுப்புவரை இறுக்கிய மேலங்கியுமாக, கல்யாணத்துக்கு வந்து மேஜையடியில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி இருப்பார்கள். பின்னணியில் இரண்டு பேர், நோயாளி தூங்கும் அறையில் பேசுவதுபோல, கிசுகிசுவென்று வர்ணனை சொல்வார்கள்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். மேஜையில் ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட பந்துகள். இருப்பதில் எது சிறிய எண்ணோ அதைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதை யார் குழியில் போடுகிறாரோ அவருக்கே அந்தச் சுற்று. எட்டுப் பந்துகளைப் பாடுபட்டுப் போட்டுவிட்டு ஒன்பதில் ஒருவர் கோட்டை விட்டால், எதிராளி எழுந்து வந்து அந்த ஒன்றைத் தட்டிவிட்டு ஜெயித்துவிட்டுப் போவார். சிறிய எண்ணைத் தொடாவிட்டால் அது தவறு. ஒரே ஆள் அடுத்தடுத்து மூன்று தவறு செய்தால் அந்தச் சுற்றே போயிற்று. ஆனால் ஒன்று: இரண்டாவது தவறு முடிந்ததும் அவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் மூன்றாவது செல்லாது.

இந்தக் கடைசி விதி லிஃப்ட்காரருக்கு மிகவும் பிடிக்கும். “எவ்ளோ நியாயம் பாரு மச்சான்,” என்பார். “விழுத்தாட்டப் போறவனே வந்து, பாத்து நடன்னு சொல்லிட்டு விழுத்தாட்டணும்.”

“இந்த ரூல் எங்க முதலாளிக்குத் தெரியல மாமா. அவரு சொல்றதே மூணாவது தப்புக்கு அப்புறம்தான்.”

முடிவு தெரிந்த ஆட்டத்தை எதற்குத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அவர் மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். அவர் சொன்ன பதில் ஒன்றும் சோடை போனதல்ல. முடிவு தெரியாத ஆட்டத்தில் மனசு முடிவிலேயே கிடக்கும், கண் மேஜையில் இருக்காது. முடிவு தெரிந்துவிட்டால்தான் ஒருவன் எப்படி நடக்கிறான், எங்கே நிற்கிறான், கோல் நுனியில் சாக்கட்டியைத் தேய்க்கும்போது எதைப் பார்க்கிறான் என்பதெல்லாம் தெரியும். பந்தைக் குழியில் தள்ளுவது பெரிய விஷயமே இல்லை. தள்ளிய பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்பதுதான் விஷயம். இரண்டு ஓரங்களில் மோதி, நடுவிலிருக்கும் பந்துகளுக்கு இடையே யாரையும் தொடாமல் நுழைந்து, அடுத்த அடிக்குத் தோதான இடத்தில், இனி ஓர் அங்குலம்கூட வேண்டாம் என்பதுபோல நிற்கும். லிஃப்ட் தரையோடு தரையாக நிற்பதற்காக நாளெல்லாம் பிரேக்கைத் திருகிக்கொண்டிருக்கும் மனிதருக்கு அந்த நிற்றலைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ இளகும்.

“கல்யாண ஆல்பத்துல முடிவு தெரியாதாக்கா? அதை எதுக்குத் திரும்பத் திரும்ப பாக்கறாங்க?” என்று தம்பி மாமாவுக்கு வக்காலத்து வாங்குவான்.

“நான் எங்கடா பாக்கறேன்?” என்று சொல்லிவிட்டு அவள் பின்னறைக்குப் போய்விடுவாள்.

அந்தப் பின்னறையில் அவளுடைய வேலைமேஜை இருந்தது. அவள் பல் செய்கிற லேப் ஒன்றில் வேலை பார்த்தாள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அதன்மேல் மெழுகில் பல்லைச் செதுக்கி, நிறம் பார்த்து, கடிக்கிற இடத்தைச் சரி பார்த்துக் கொடுக்க வேண்டும். அவசர வேலைகளை வீட்டுக்கும் கொண்டுவருவாள். பாவாடை நாடாவைக்கூட முடிச்சு விழாமல் கட்டத் தெரியாதவள் என்று சின்ன வயதில் அவளைத் திட்டிய அம்மா இருந்திருந்தால், அவள் ஒரு கடைவாய்ப் பல்லின் மேட்டையும் பள்ளத்தையும் கத்தி நுனியால் எழுப்புவதைப் பார்த்து வாயைப் பிளந்திருப்பார். பேசுவதற்கு ஏதாவது இருந்தால், நகக்கண்ணில் வெள்ளைப் பிளாஸ்டரோடு வந்து முன்னறை வாசற்படியில் நிற்பாள். கை உயரும். நிற்பாள். சில நாள் பந்து நின்ற பிறகு பேசுவாள். சில நாள் சொல்ல வந்தது அதற்குள் சின்னதாகிவிடும், திரும்பிப் போய்விடுவாள்.

அப்படி வந்து நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அன்று ஓடியது அவர்கள் இருவருக்கும் உயிரான இறுதி ஆட்டம். அதன் ஆட்டக்காரர்களுக்கு அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். ஒருவர் ‘வாத்தியார்’, சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதாத வகுப்பைப் பார்ப்பதுபோல மேஜையைப் பார்ப்பார். இன்னொருவர் ‘நெட்டை’. ஆட்டம் இழுபறி. நெட்டை அடுத்தடுத்து இரண்டு தவறு செய்துவிட்டார். நடுவர் அருகே வந்து இரண்டு விரலைக் காட்டிச் சொன்னார். நெட்டை தலையை ஆட்டினார். இனி வெள்ளைப் பந்து வாத்தியார் கையில், விரும்பிய இடத்தில் வைத்து அடிக்கலாம். ஆனால் பந்துகளில் பாதி ஒரு மூலையில் அப்பிக்கொண்டு கிடந்தன. அடித்து முடிக்க வழியில்லை. வாத்தியார் வேறு கணக்குப் போட்டார். வெள்ளைப் பந்தைக் கூட்டத்துக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துவிட்டால், நெட்டைக்கு அடிக்க வேண்டிய பந்து கண்ணிலேயே படாது. மூன்றாவது தவறு தானாக விழும். வாத்தியார் குனிந்தார்.

அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

“ஏங்க, வெளியூர்ல தொறக்கற அந்தப் புது லேப் விஷயம். முதலாளி நாளைக்குள்ள பதில் சொல்லச் சொல்றாரு. நான்தான் பொறுப்பா பாத்துக்கணுமாம். போனா ஒரேயடியாத்தான், சும்மா போயிட்டு வர்றது இல்ல. போகவா, வேணாமா? இல்ல, ரெண்டு பேருமா போயிரலாமா?”

கை உயர்ந்தது.

அவர் காதில் விழவே இல்லையா என்றால், விழுந்தது. ‘லேப்’ என்பது விழுந்தது. ‘போயிட்டு’ என்பது விழுந்தது. மற்றதெல்லாம் வாத்தியாரின் முழங்கை பின்னால் போய் முன்னால் வரும் அந்த இடைவெளியில் கரைந்துபோயிற்று. வெள்ளைப் பந்து மெதுவாக உருண்டது, ஓரத்தை முத்தமிட்டது, கூட்டத்துக்குப் பின்னால் போய், ஒரு விரல்கூட நுழையாத இடுக்கில் ஒட்டி நின்றது.

“அடடா! பாத்தியா மச்சான்! தொட்டில்ல கொழந்தையைப் படுக்க வெக்கிற மாதிரி வெச்சிட்டான்யா!”

மைத்துனன் திரையைப் பார்க்கவில்லை. வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தான். லிஃப்ட்காரர் திரும்பியபோது அங்கே யாரும் இல்லை.

சில வாரங்கள் கழித்து அவள் கிளம்பினாள். இதற்கு முன்பும் முதலாளி அவளை வேறு ஊர் லேப்களுக்குப் புதிய ஆட்களைப் பழக்க அனுப்பியிருக்கிறார். போவாள், வருவாள். இதுவும் அப்படித்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். “பாக்கலாம்” என்றாள். வழக்கமாக ஒரு பைதான் இருக்கும், இந்தத் தடவை இரண்டு. இரண்டையும் அவரே தூக்கிக்கொண்டுபோய்ப் பேருந்தில் ஏற்றினார். வண்டி உறுமியபோது அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“ஏதாவது சொல்லணுமா?”

அவர் யோசித்தார். “ஜன்னல்ல கைய வெக்காத,” என்றார்.

அவள் கையை உள்ளே எடுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு தொலைபேசிப் பேச்சுதான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, தண்ணி வருதா. அவர் அங்கே வேலை எப்படி என்று கேட்பார், நல்லா இருக்கு என்பாள். மாதங்கள் போயின. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களும் ஓடின. தடுப்பதற்கு ஆளில்லாத வீட்டிலும், வாத்தியார் குனியும்போது அவர் கை பழக்கத்தில் கொஞ்சம் உயர்ந்து இறங்கும். ஒருநாள்தான், “என்ன, இன்னும் ட்ரெயினிங் முடியலியா?” என்று கேட்டார்.

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “வர்ற ஞாயித்துக்கிழமை வரேன். என் சாமானை எடுத்துக்கணும். வேன் சொல்லியிருக்கேன்.”

“என்ன சாமான்?”

“மெழுகுக் கத்தி, விளக்கு, அப்புறம் அந்த மேஜை.”

“மேஜையா? மேஜையைத் தூக்கிக்கிட்டு யாராவது ட்ரெயினிங் போவாங்களா?”

“ட்ரெயினிங்னு யாரு சொன்னா?”

அவர் அன்றைக்கே மைத்துனனை வரச் சொன்னார். அவன் கடையிலிருந்து நேராக, சட்டைப்பையில் ஸ்குரூ டிரைவரோடு வந்தான். அவர் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

“நியாயமா சொல்லு மச்சான். ரூல் என்ன? எதிராளி ரெண்டு தப்புல நிக்கறான்னா சொல்லணும்ல? சொல்லலைன்னா மூணாவது செல்லாதுல்ல? உங்கக்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா?”

“சொன்னா மாமா.”

“எப்ப சொன்னா?”

“நான் இதோ இங்கதான் உக்காந்திருந்தேன்.” அவன் ரிமோட்டை எடுத்தான். அந்த இறுதி ஆட்டத்தைத் தேடி எடுத்து, ஓட்டி, நிறுத்தினான். நடுவர் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். “இதுக்கு அடுத்த அடி. வாத்தியார் குனியறப்ப அக்கா அங்க வந்து நின்னா. போகவா வேணாமா, இல்ல ரெண்டு பேருமா போயிரலாமான்னு கேட்டா. நீங்க கைய காமிச்சீங்க.”

அவர் அவன் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினார். ஓடவிட்டார். வாத்தியார் குனிந்தார், அடித்தார், பந்து ஒளிந்தது. மறுபடி பின்னால் போனார். ஒலியைக் கூட்டினார். வர்ணனையாளர்களின் கிசுகிசுப்பும், யாரோ இருமுவதும், கோல் பந்தைத் தொடும் ‘டொக்’கும் கேட்டன. எத்தனையோ வருடமாக அந்த ஆட்டத்தின் ஒவ்வோர் அசைவையும் மனப்பாடமாக வைத்திருந்தவர், அந்த ஒரு அடிக்குள் தன் மனைவியின் குரல் எங்கே இருந்தது என்று தேடிக்கொண்டிருந்தார்.

“நீ ஏன்டா அப்பவே சொல்லல?”

“நீங்களே கேப்பீங்கன்னு நெனச்சேன். அக்காகிட்டயும் கேட்டேன். அவரு கேக்கட்டும், நீ வாயைத் திறந்தா உன்கூடப் பேச மாட்டேன்னுட்டா.” அவன் ஸ்குரூ டிரைவரை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டான். “கைய காமிச்சது போன்னு சொல்றதா, வேணாம்னு சொல்றதான்னு அவ ரொம்ப நாள் யோசிச்சா மாமா.”

லிஃப்ட்காரர் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். அந்த ஊரில் கம்பெனிக்கு ஆள் தேவைப்படுமா என்று கேட்டார். தேவைதான், அங்கே ஒருவன் விலகிவிட்டான், திங்கட்கிழமை வந்து உறுதி சொல்லு என்றார் சூப்பர்வைசர். போனை வைத்தபோது லிஃப்ட்காரரின் முகம் தெளிந்திருந்தது.

“நானும் வரேன்னு சொல்லப் போறேன். லிஃப்ட் எல்லா ஊர்லயும்தான் மாட்டிக்கிட்டு நிக்குது.”

“சொல்லுங்க மாமா,” என்றான் மைத்துனன். அந்தச் சொல்லில் அவ்வளவு தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைக் கூட்டினார். பின்னறை மேஜையைத் துடைத்தார். அதன் இடுக்குகளில் காய்ந்திருந்த மெழுகைச் சுரண்டப் போய், வேண்டாம் என்று விட்டுவிட்டார். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். மைத்துனன் வந்து, பதற்றத்தைக் குறைக்கட்டும் என்று அந்த ஆட்டத்தையே ஓடவிட்டான். அவர்கள் பார்க்கவில்லை, அது பாட்டுக்கு ஓடியது.

அவள் வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள், முடியைத் தோள்வரை வெட்டியிருந்தாள். தம்பி, “யாருக்கா நீங்க?” என்றான். “உன் கண்ணுக்கு நீயே ஒரு கண்ணாடி மாட்டிக்கடா,” என்றாள். தண்ணீர் குடித்தாள். அவரைப் பார்த்து, “இளைச்சிட்டீங்க,” என்றாள். வேன்காரர் கீழே நிற்கிறார், சீக்கிரம் முடித்துவிடலாம் என்றாள். பின்னறைக்குப் போய்க் கத்திகளைத் துணியில் சுற்றி வைத்தாள். திரும்பி வரும்போது வழக்கமான வாசற்படியில் அவள் கால் நின்றது.

திரையில் வாத்தியார் தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பந்துகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

“இன்னும் இதேதானா?” என்றாள். ஆனால் போகவில்லை. வாசற்படி ஓரமாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அந்த அறையில் ஆட்டம் பார்க்க உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அவர் இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். “இங்க பாரு, நான் ஒண்ணு சொல்லணும். நான் வந்து...”

அவள் கை உயர்ந்தது. உள்ளங்கை தெரிந்தது. நகக்கண்ணில் வெள்ளைப் பிளாஸ்டர்.

பழிக்குப் பழி இல்லை அது. அவள் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் அசையவில்லை, உதடு கொஞ்சம் திறந்திருந்தது. அந்த உள்ளங்கைக்கு முன்னால் அவர் தன் வாக்கியத்தை நாக்கின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. ஒரு பந்து உருண்டு நிற்கும் நேரம்தான். அவ்வளவு நீளமாக ஒரு பந்து உருண்டு அவர் பார்த்ததில்லை. அது நின்றபோது, சொல்ல வந்தது வாய்க்குள்ளேயே கொஞ்சம் சின்னதாகியிருந்தது.

மைத்துனன் சத்தமில்லாமல் எழுந்து பால்கனிக்குப் போனான்.

“நீங்க ரெண்டு பேரும் ஆடுறவனையே பாப்பீங்க,” என்றாள் அவள், கையை இறக்கிவிட்டு. “நான் வாசல்ல நின்னு இதோ இவனைத்தான் பாப்பேன்.”

கேமரா அப்போது நெட்டையைக் காட்டியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோல் மடிமேல் கிடந்தது. பக்கத்தில் ஒரு தண்ணீர் டம்ளர்.

“இவனும் ஆட்டக்காரன்தான். இவனுக்கும் எல்லாம் தெரியும். ஆனா அவன் விடற வரைக்கும் இவன் எழுந்திருக்க முடியாது. தண்ணி குடிப்பான், துண்டால கைய துடைப்பான், மறுபடி தண்ணி குடிப்பான். மேஜையைப் பாக்கற மாதிரி இருப்பான், ஆனா பாக்க மாட்டான். எத்தனை ஆட்டம் இப்படி நின்னு பாத்திருக்கேன் தெரியுமா? முடிவு தெரிஞ்ச ஆட்டத்தை ஏன் பாக்கறீங்கன்னு உங்களைக் கேட்டேனே தவிர, நானும்தான் பாத்தேன். இவன் மூஞ்சிக்காக.”

“எனக்குத் தெரியாதே,” என்றார் அவர்.

“தெரியாதுதான்.”

“அன்னைக்கு நீ கேட்டது என் காதுல விழலை. சத்தியமா விழலை. இப்ப சொல்றேன். நானும் வரேன். சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன், அங்க இடம் இருக்கு. நாளைக்குச் சொன்னா போதும்.”

அவள் அவரை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பரிவு அவரைப் பயமுறுத்தியது.

“அன்னைக்கு இதைச் சொல்லியிருந்தா நான் ஆடிப்பாடிக்கிட்டுப் போயிருப்பேன். போகாதேன்னு சொல்லியிருந்தாலும் சரி, முணுமுணுத்துக்கிட்டே இருந்திருப்பேன். பஸ் ஏத்திவிட்டப்பகூட நெனச்சேன். நீங்க ஜன்னல்ல கைய வெக்காதேன்னீங்க.”

“அடி பட்டுரும்னு...”

“தெரியும். அதனாலதான் எனக்கு உங்க மேல கோவம் இல்ல. கோவம் இருந்திருந்தா எப்பவோ திரும்பி வந்திருப்பேன், சண்டை போடறதுக்காவது.” அவள் சேலை முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றி அவிழ்த்தாள். “அங்க என் கூட நாலஞ்சு பொண்ணுங்க வேலை பாக்கறாங்க. நாள் பூரா லொடலொடன்னு பேச்சு. முதல்ல எனக்கே தலைவலி வந்துச்சு. அப்புறம் பாத்தா, நானும் பேசிக்கிட்டே இருக்கேன். யாராவது கூப்பிட்டா, கையில இருக்கற பல்லைக் கீழ வெச்சிட்டுத் திரும்பறேன். வேலை ஒண்ணும் கெட்டுப் போகல. இங்க எனக்குப் பேசவே தெரியாதோன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

“நான் கைய தூக்க மாட்டேன். இனிமே தூக்கவே மாட்டேன்.”

“தூக்காம இருப்பீங்க. நான்தான் வாசல்லயே நிப்பேன். உள்ள வர எனக்குக் கால் வராதுங்க.” சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். “தம்பீ, ஒரு கை பிடிடா.”



மேஜையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அக்காவும் தம்பியும் தள்ள, அவர் விளக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் அவர்கள் மாடியில் தரைக்கு ஒரு விரற்கடை கீழேதான் நிற்கும். வந்த நாளிலிருந்தே அப்படி. ஊர் லிஃப்டையெல்லாம் தரையோடு நிறுத்துகிறவர், இது வேறு கம்பெனியின் பராமரிப்பு என்று சொல்லிச் சொல்லியே விட்டுவைத்திருந்தார். காய்கறிப் பை தட்டும், தண்ணீர் கேன் தட்டும். பாருங்களேன் என்று அவள் சொல்லும்போதெல்லாம் பாக்கறேன் என்றிருக்கிறார். இன்று கதவு திறந்ததும், இந்தப் பள்ளத்தில் சக்கரம் மாட்டும், தான் குனிந்து தூக்கிவிடலாம், அந்தச் சாக்கில் இன்னும் ஒரு வார்த்தை பேசலாம் என்று அவர் விளக்கைக் கீழே வைத்தார். அதற்குள் அவள், பார்க்காமலே, முன் சக்கரத்தைப் பாதத்தால் தாங்கி, பதமாக ஓர் அழுத்து அழுத்தி உள்ளே இறக்கிவிட்டாள். தினமும் செய்து பழகியவள். சத்தம்கூட வரவில்லை.

“விளக்கைக் குடுங்க,” என்றாள். வாங்கிக்கொண்டாள். “மாத்திரையை மறக்காதீங்க.”

கதவு மூடியது. உள்ளே சுவரோரம் லிஃப்ட் இறங்கும் ஓசையை அவர் நின்று கேட்டார். எந்த மாடியைக் கடக்கிறது என்று அவருக்கு ஓசையிலேயே தெரியும். கீழ்த்தளத்தில் நின்றதும் தெரிந்தது.

வீட்டுக்குள் வந்தபோது ஆட்டம் ஓடிக்கொண்டேயிருந்தது. யாரும் நிறுத்தவில்லை. சோஃபாவின் இடது மூலை காலியாக இருந்தது. அவர் வாசற்படி ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் திரை கொஞ்சம் சாய்வாகத் தெரிந்தது. மேஜையின் ஒரு பக்கம் சுருங்கி, ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஆள்தான் முதலில் கண்ணில் பட்டார். இத்தனை காலம் அவள் பார்த்தது இந்தப் படத்தைத்தான்.

வாத்தியார் கடைசிப் பந்துக்குக் குனிந்தார். லிஃப்ட்காரர் அதைப் பார்க்கவில்லை. நெட்டையைப் பார்த்தார். ஒன்பது குழியில் விழும் சத்தம் கேட்பதற்கு முன்பே நெட்டை டம்ளரைக் கீழே வைத்துவிட்டதை, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டதை, நாற்காலியின் நுனிக்கு நகர்ந்துவிட்டதை இன்றுதான் பார்த்தார். பிறகு கைதட்டல். நெட்டை எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு, கை கொடுக்க நடந்துபோனார். நல்ல உயரம். நடை நேராகத்தான் இருந்தது.

மைத்துனன் கீழே வேனை அனுப்பிவிட்டு வந்தான். செருப்பைக் கழற்றினான். சோஃபாவின் வலது மூலையில் உட்கார்ந்தான்.

அவன் ஏதோ சொன்னதுபோல இருந்தது. லிஃப்ட்காரர் ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை அணைத்தார். நாற்காலியோடு முழுவதுமாக அவன் பக்கம் திரும்பினார்.

“என்ன சொன்னே?”

“ஒண்ணும் சொல்லலியே மாமா.”

“இல்ல, ஏதோ சொன்னே. சொல்லு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் திரும்பியவாறே, காத்திருந்தார்.